ஜிஐஎஸ் கற்க எந்த வழி? ஒரு கண்மாயை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்

"ஜிஐஎஸ் படிக்கலாம்னு இருக்கேன், எங்கே சேரட்டும்?" என்று கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. (இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கிக் கையாளும் புவித்தகவல் முறைமைதான் ஜிஐஎஸ்.) பிளஸ் டூ முடித்து, கவுன்சலிங் பட்டியலில் 'ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஒரு வகை. சிவில், வேளாண்மை, புவியியல், கம்ப்யூட்டர் என ஏதோ ஒன்றை முடித்து, வேலைக்குப் போன இடத்தில் வரைபடத்தோடு முட்டிக்கொண்டவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆர்க்ஜிஐஎஸ் கத்துக்கோ, மூணு மாசம் போதும்."

கேள்வி ஒரு துறையைப் பற்றியது, பதிலோ ஒரு மென்பொருளின் பெயர். அங்கேதான் சிக்கல். புவிசார் தரவு என்பதை ஒருவர் வெயிலில் நின்று அளக்கிறார், அல்லது வானத்திலிருந்து ஒரு கருவி பதிகிறது. அது பல கை மாறி ஒரு கணினியில் சேர்கிறது. பத்து வருடம் கழித்து, முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை நம்பி எடுத்துப் பயன்படுத்துகிறார். இதில் எந்த இடத்தில் நிற்கப்போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எங்கே படிப்பது என்று சொல்ல முடியும்.

அதனால் பாடத்திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு முன், ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். அதை ஒழுங்காக வரைபடமாக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கண்காணிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. ஆக, செய்வதற்கு நிறைய இருக்கிற வேலைதான்.

கண்மாயை எப்படி அளப்பது?

முதலில் எல்லை. சட்டப்படி கண்மாய் எது என்பதற்கு ஆதாரம் புலப்படம், எல்லோரும் எஃப்எம்பி என்று சொல்வது. அளவுக்கு அடிப்படையாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி எந்தக் கல் இருக்கிறது என்று குறித்து வரைந்த படம் அது. நீளங்கள் இருக்கும், அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. தாளில் தனியாக நிற்கும் அந்த உருவத்தை பூமியில் அதன் இடத்தில் பொருத்த வேண்டுமானால், களத்தில் நட்ட எல்லைக் கற்களைத் தேடிப்பிடித்து துல்லியமான ஜிபிஎஸ் கருவியான டிஜிபிஎஸ் வைத்து அளக்க வேண்டும். பாதிக் கற்கள் இருக்காது. மீதியில் சில, இடம் மாறி இருக்கும்.

அடுத்து தண்ணீர். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரு பிக்சல் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட் நிலம். ஐந்து நாளுக்கு ஒரு படம் வருகிறது. பச்சை அலைவரிசையையும் அண்மை அகச்சிவப்பு அலைவரிசையையும் கழித்துக் கூட்டி வகுத்தால் தண்ணீர் தனியாகத் தெரியும். பாடப் புத்தகம் இத்தோடு முடித்துக்கொள்ளும். கண்மாய் இத்தோடு விடாது. வடகிழக்குப் பருவமழையில்தான் அது நிறைகிறது. அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வானம் மேகமாக இருக்கிறது. அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போக வேண்டும். உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால், தண்ணீர் நின்றாலும் மேலிருந்து பார்க்கும் படம் அதைக் காடு என்றுதான் சொல்லும்.

ஆழம் இன்னும் கடினம். இலவசமாகக் கிடைக்கும் உலகளாவிய உயரத் தரவு, உதாரணமாக 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம், முப்பது மீட்டர் கட்டங்களில் வருகிறது. உயரத்தில் சில மீட்டர் பிழை சகஜம். கண்மாயின் ஆழமே இரண்டு மூன்று மீட்டர்தான் என்றால் அந்தத் தரவு எதற்கு ஆகும்? வற்றிய கோடையில் ட்ரோன் விட வேண்டும், அல்லது ஆள் இறங்கி அளக்க வேண்டும். மடை, கலுங்கு, வரத்துக்கால் தொடங்கும் இடம் போன்றவற்றைக் குறிக்க மட்டும் கைபேசி போதும். திறந்தவெளியில் அது ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும்.

இதுவரை சொன்னது சேகரிப்பு. இனிமேல்தான் நிர்வாகம். பெரும்பாலான படிப்புகள் தொட்டுவிட்டுக் கடந்துபோகிற பகுதியும் இதுதான்.

பூமியை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடத்தை மீட்டரில் சொல்லும் முறை யுடிஎம். வைகை அணை அதில் 43-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. மதுரை நகரம் 44-ஆம் மண்டலத்தில். சோழவந்தானைத் தாண்டி மதுரைக்குள் நுழைவதற்குள் 78 டிகிரி தீர்க்கரேகை குறுக்கே ஓடுகிறது. தேனியில் ஒருவர் எடுத்த கோப்பை மதுரையில் இன்னொருவர் மண்டலம் பார்க்காமல் திறந்தால், கண்மாய் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய் வங்காள விரிகுடாவில் நிற்கும். இது நல்ல பிழை, பார்த்த உடனே தெரிந்துவிடும். பழைய நிலவரைபடத்தில் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாக வைத்த ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை), இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கு என்று நினைத்துப் போடுவதுதான் கெட்ட பிழை. எவரெஸ்ட் கணக்கு என்பது 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அளவையாளர் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவையின் வழியில் வந்தது. இரண்டுக்கும் நம் பகுதியில் நூறு, இருநூறு மீட்டர் வித்தியாசம் வரும். கண்மாய் கண்மாய் போலவே இருக்கும், பக்கத்து ஊர்க்காரர் வயலில் இருக்கும்.

அப்புறம் பெயர்கள். ஊர்ப்பட்டியல் யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருவில் வரும், வரைபடம் ஆங்கில எழுத்தில் இருக்கும், ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். பெயரை வைத்து இணைத்தால் பாதி ஊர்கள் விடுபடும். மத்திய அரசின் உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணை வைத்து இணைக்கத் தெரிந்தவருக்கு இது பத்து நிமிட வேலை. இன்னும் பலர் பிடித்துத் தொங்கும் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தில் அட்டவணையின் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட் ஆகும். 'கண்மாய்' என்று தலைப்பு வைத்தால் 'கண்' வரைக்கும்தான் இடம். அதையும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எஸ்ஹெச்பி கோப்பை மட்டும் அனுப்புவார்கள்; கூட வர வேண்டிய டிபிஎஃப் (அட்டவணை), பிஆர்ஜே (ஆய முறை) கோப்புகள் அவர்கள் கணினியிலேயே தங்கிவிடும். பிஆர்ஜே இல்லையென்றால் எந்த மண்டலம் என்பது ஊகம்தான்.

எந்தத் தேதியில் எடுத்த நீர்ப்பரப்பு, யார் எடுத்தது, எந்தக் கருவி, எவ்வளவு பிழை இருக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்க உரிமை உண்டா என்பதெல்லாம் எழுதி வைக்காத வரைபடம், அதை வரைந்தவர் வேலை மாறிப் போனதும் வெறும் படமாகிவிடும். இந்த முழு வேலையில் எந்தப் பாதை எதைக் கற்றுத்தருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டப்படிப்பு

தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது கிண்டி பொறியியல் கல்லூரி. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பி.இ. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் நடத்துகிறது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு (செயற்கைக்கோள் போன்றவற்றின் படங்களிலிருந்து தகவல் எடுப்பது) துறை நிலவியல் பக்கம் சாய்ந்த படிப்பைத் தருகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தொலையுணர்வுக்கென்று தனித் துறை உண்டு. ஏற்கெனவே பொறியியல் முடித்தவர்கள் எம்.டெக். போகலாம், 2022 முதல் கேட் தேர்விலேயே 'ஜியோமேட்டிக்ஸ்' என்று தனித் தாள் வந்துவிட்டது.

பட்டப்படிப்பின் பலம் மென்பொருள் இல்லை. அதை வீட்டிலேயே கற்கலாம். பிழை என்பது என்ன, பல அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது அவற்றை எப்படிச் சரிக்கட்டுவது, பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கால் தாளில் விரிப்பது, இரண்டு ஒளிப்படங்களிலிருந்து உயரம் எப்படி வருகிறது என்ற கணிதம்தான் பலம். இரவு பத்து மணிக்கு வீடியோ பார்த்து இதையெல்லாம் கற்பவர்கள் மிகக் குறைவு. எவரெஸ்ட்டா டபிள்யூஜிஎஸ் 84-ஆ என்ற குழப்பம் வரும்போது பட்டம் முடித்தவர் பதறமாட்டார்.

பலவீனம் நேரம். நான்கு வருடம் முடித்துவிட்டு, வந்த முதல் ஐடி வேலைக்குப் போய்விடுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். பதினேழு வயதில் வரைபடத்தின் மேல் உண்மையான ஆர்வம் இருக்கிறது, கிண்டியில் இடமும் கிடைக்கிறது என்றால் தயங்காமல் சேரலாம். அங்கே கிடைக்கவில்லை என்பதற்காகப் பேர் தெரியாத இடத்தில் அதே பெயருள்ள படிப்பைத் தேடிப் போவதைவிட, நல்ல கல்லூரியில் சிவில் அல்லது கம்ப்யூட்டர் படித்துவிட்டு எம்.டெக்.கில் இந்தப் பக்கம் திரும்புவது மேல் என்பது என் எண்ணம். சிவில்காரருக்கு அளவை தெரிந்திருக்கும், கம்ப்யூட்டர்காரருக்குத் தரவுத்தளம் தெரிந்திருக்கும். இரண்டில் ஒன்று கையில் இருந்தால் மற்றதைப் பிடித்துக்கொள்ளலாம்.

நில அளவைத் தொழில்

ஐடிஐயில் சர்வேயர் பிரிவு, அல்லது சிவில் டிப்ளமோ. தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி வழியாக நில அளவர், வரைவாளர் பணிக்குப் போக இவைதான் வாசல். தனியார் பக்கமும் வேலைக்குக் குறைவில்லை: சாலை, லேஅவுட், சோலார் பண்ணை, மின்பாதை என்று டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியும் டிஜிபிஎஸ்ஸும் தூக்கிக்கொண்டு அலைபவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க கோர்ஸ் என்ற நிரந்தர ஜிபிஎஸ் நிலையங்களை அமைத்துவிட்டதால், இணையம் வழியே திருத்தம் வாங்கி, ஒற்றை ரிசீவரை வைத்தே சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும் வழியும் திறந்திருக்கிறது.

கண்மாயின் எல்லை இவர்களிடம் இருந்துதான் வரும், வேறு யாராலும் தர முடியாது. ஜிஐஎஸ் உலகில் மேசையில் இருப்பவர்கள் இவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு புள்ளி பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போனால் சண்டை தன் வாசலுக்கு வரும் என்ற பயத்தோடு வேலை செய்பவர் அளவீட்டை மதிக்கும் விதமே வேறு.

ஆனால் தரவு நிர்வாகம் என்று வரும்போது இந்தப் பாதை கையை விரிக்கிறது. வேலை ஆட்டோகேட் கோப்பில் முடிந்து, கோப்பு பென்டிரைவில் போய், அத்தோடு மறக்கப்படும். மண்டலம் எழுதியிருக்காது, பல நேரம் ஆயங்களே '1000, 1000' என்று கற்பனைத் தொடக்கத்திலிருந்து ஓடும். ஏற்கெனவே சர்வேயராக இருக்கும் ஒருவர் தரவுத்தளமும் ஆய முறைகளும் கற்றுக்கொண்டால், அவருக்கு நிகராக ஆள் கிடைப்பது கடினம். இந்தக் கட்டுரையை ஒரு சர்வேயர் படித்தால், அவர் இன்னொரு பட்டத்துக்குச் செலவழிக்க வேண்டாம்; கீழே வரும் இலவச வழிகளே போதும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதையின் கணக்கு மாறும். அங்கே நில அளவைத் தொழில் 2002-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்டது. சபரகமுவப் பல்கலைக்கழகத்தின் புவித்தகவலியல் பீடமும், தியத்தலாவையில் உள்ள நில அளவைப் பயிற்சி நிறுவனமும்தான் முக்கிய வாயில்கள். காணி அளந்து கையெழுத்துப் போடும் தொழில் வேண்டுமென்றால் அங்கே குறுக்குவழி தேட வேண்டாம்.

இலவசப் பாடங்கள்

இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் ஐஐஆர்எஸ் என்ற இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் 1966-இல் தொடங்கியது. 2007 முதல் தொலைநிலைப் பயிற்சி நடத்துகிறது. சில நாள் பாடங்களும் உண்டு, சில வாரப் பாடங்களும் உண்டு. கட்டணம் இல்லை, போதிய அளவு வகுப்பைப் பார்த்து முடித்தவர்களுக்குச் சான்றிதழும் கிடைக்கும். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் ஜிஐஎஸ், தொலையுணர்வுப் பாடங்கள் இருக்கின்றன. பார்ப்பது இலவசம், மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் பணம்.

இரண்டையும் பார்த்ததில் எனக்குத் தோன்றியது: ஐஐஆர்எஸ் பாடங்களில் செயற்கைக்கோள் பக்கம் மிக வலுவாக இருக்கிறது, அந்தக் கருவிகளோடு வாழ்பவர்களே பாடம் எடுப்பதால். கண்மாயில் ரேடார் ஏன் வேண்டும் என்பது அங்கே நன்றாகப் புரியும். என்பிடெல்லில் வாராவாரம் வரும் ஒப்படைப்புகள் ஒரு ஒழுங்கைக் கொண்டுவருகின்றன. இரண்டிலும் ஒரே குறை, யாரும் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்கமாட்டார்கள். கேள்விகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடு வகை. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய ஒருவர் ஒரு எஃப்எம்பியைக் கூட பூமியில் பொருத்தத் தெரியாமல் இருக்க முடியும். இவற்றைத் துணைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். இவை மட்டும் போதாது.

தனியார் குறுகியகாலப் பயிற்சி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒன்று முதல் மூன்று மாதம், ஒரு மென்பொருள், கடைசியில் ஒரு சான்றிதழ். நல்ல ஆசிரியர் அமைந்தால் நேரம் மிச்சமாகும் என்பதை மறுக்கவில்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? ஆர்க்ஜிஐஎஸ்ஸின் பழைய மென்பொருளான ஆர்க்மேப்புக்கான ஆதரவு 2026 மார்ச் 1-உடன் முடிவதாக, அதைத் தயாரிக்கும் எஸ்ரி நிறுவனம் முன்பே அறிவித்துவிட்டது. அதை இன்னும் முதன்மைப் பாடமாக நடத்தினால் எழுந்து வந்துவிடலாம். பயிற்சித் தரவு யாருடையது? ஏதோ வெளிநாட்டு நகரத்தின் சுத்தமான மாதிரித் தரவை வைத்து நடத்தினால், வானவில் எழுத்துருவையும் 43-44 மண்டலத்தையும் நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான் சந்திப்பீர்கள். தரவுத்தளம் பாடத்தில் உண்டா? வரைபடத் தரவுக்கான இலவசத் தரவுத்தளமான போஸ்ட்ஜிஐஎஸ் என்ற பெயர் பாடத்திட்டத்தில் இல்லையென்றால், வரைபடம் வண்ணம் தீட்டத்தான் கற்றுத்தருகிறார்கள்.

செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு கோடாக வரைந்து தள்ளும் டிஜிட்டைசிங் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்தச் சான்றிதழைக் கேட்பதுண்டு. அந்த வேலையில் ஒரு பகுதியை இப்போது இயந்திரக் கற்றல் நிரல்களே செய்கின்றன. அவை போட்ட கோட்டைச் சரிபார்க்கத் தெரிந்தவர்தான் அடுத்து தேவைப்படுவார்.

ட்ரோன்

இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான், காரணமும் புரிகிறது. 2021 பிப்ரவரியில் புவிசார் தரவுக் கொள்கையை மத்திய அரசு தளர்த்தியது. இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் தரவு சேகரிக்க வழி பிறந்தது. அதே வருடம் ஆகஸ்டில் ட்ரோன் விதிகளும் வந்தன. பதினெட்டு வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ அங்கீகரித்த மையத்தில் சில நாள் பயிற்சி இருந்தால் ரிமோட் பைலட் சான்றிதழ் கிடைக்கும். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இருக்கிறது.

அந்தச் சான்றிதழ் சொல்வது ஒன்றே ஒன்று: இவர் பாதுகாப்பாகப் பறக்கவிடுவார். பறந்து எடுத்த ஐந்நூறு ஒளிப்படங்களை அளக்கத்தக்க வரைபடமாக மாற்றுவது தனி வித்தை. ஒரு அங்குல சென்சார் உள்ள சாதாரண மேப்பிங் கேமராவை நூறு மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர் வரும். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் தரையில் குறியீட்டுப் பலகைகள் வைத்து அவற்றை டிஜிபிஎஸ்ஸால் அளக்காமலோ, ட்ரோனிலேயே இடத்தை உடனுக்குடன் திருத்தும் ஆர்டிகே வசதி இல்லாமலோ போனால், அந்தக் கூர்மையான படம் மொத்தமாக இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். படங்கள் முன்பின்னாக முக்கால் பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். காற்று அடித்துப் படிவு குறைந்தால் நடுவில் ஓட்டை விழும். தண்ணீர்ப் பரப்பில் ஒட்டவைக்க அடையாளம் இல்லாததால் மென்பொருள் திணறும். ஆகவே கண்மாயின் அடிமட்டம் வேண்டுமானால் வற்றிய பிறகுதான் பறக்க வேண்டும். கருவேலம் மண்டியிருந்தால் கேமராவுக்கு மண்ணே தெரியாது. லேசர் கதிரால் அளக்கும் லைடார் வேண்டும், அதன் விலை வேறு கதை.

ட்ரோன் வைத்திருக்கிற கம்பெனியில் வேலை உறுதி என்றாலோ, நீங்கள் ஏற்கெனவே சர்வேயர் என்றாலோ இந்தச் சான்றிதழ் லாபம். முதல் படியாக இதை எடுத்தால் பறக்கவிடும் கூலிக்கு மேல் போவது கடினம். செயலாக்கத்தை மட்டும் கற்க ட்ரோனே வேண்டாம். பொதுவில் கிடைக்கும் மாதிரிப் படங்களை எடுத்து வெப்ஓடிஎம் என்ற இலவச மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் லேப்டாப் முனகும், ஆனால் முடித்துக்கொடுக்கும்.

சொந்த முயற்சி

கியூஜிஐஎஸ் 2002-இல் ஒரு தனிமனிதர் தொடங்கிய திறமூல மென்பொருள். இன்று தொழில்முறை வேலைக்கே போதுமானது. செலவு இல்லை. சென்டினல் படங்கள் கோப்பர்நிக்கஸ் தளத்தில், லேண்ட்சாட் படங்கள் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தளத்தில், இந்தியச் செயற்கைக்கோள் தரவு இஸ்ரோவின் பூநிதியிலும் புவனிலும். களத்தில் புள்ளி சேகரிக்க கியூஃபீல்டு செயலி. தரவுத்தளத்துக்கு போஸ்ட்ஜிஐஎஸ். தேவையான எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இந்த வழியில் போகிறவர்கள் தோற்பது ஓரிடத்தில்தான்: கேள்வி இல்லாமல் மென்பொருளைக் கற்க ஆரம்பிப்பது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து மூன்றாவது வாரம் சலித்துவிடும். அதற்குப் பதில் உங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்எம்பியை அரசின் இணையச் சேவையில் பார்க்க முடியும். அதைப் பொருத்த முயன்று, பொருந்தாமல் போய், ஏன் என்று தேடும்போதுதான் ஆய முறை புரியும். மூன்று வருட டிசம்பர் படங்களை எடுத்து நீர்ப்பரப்பு வரைந்தால், தேதியைத் தனிப் பத்தியாக வைக்காத அட்டவணை எவ்வளவு உபத்திரவம் என்று தானே தெரியும். பிறகு ஷேப்ஃபைலை விட்டு ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்துக்கு மாறுவீர்கள், யாரும் சொல்லாமலே. பக்கத்து ஊர் நண்பர் தன் கண்மாயையும் சேர்க்க வந்தால், ஒரே கோப்பில் இருவர் எழுதும் தலைவலி வரும். அன்றைக்கு போஸ்ட்ஜிஐஎஸ் எதற்கு என்று விளங்கும்.

கூடவே, யாரும் சேர்க்கவும் திருத்தவும் முடிகிற இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்த் தெருக்களையும் வாய்க்கால்களையும் சேர்த்துப் பழகுங்கள். அங்கே நீங்கள் தப்பாகப் போட்டால் முகம் தெரியாத ஒருவர் வந்து திருத்துவார், சில சமயம் கடுமையாகவே சொல்வார். கூகுள் படத்தைப் பார்த்து அங்கே வரையக் கூடாது, அனுமதி பெற்ற படங்களின் மேல்தான் வரையலாம் என்ற விதியும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தரவுக்கு உரிமம் என்று ஒன்று உண்டு என்பதைப் பல அலுவலகங்களே இன்னும் கற்கவில்லை.

இந்த வழியில் கிடைக்காதது இரண்டு. ஒன்று, பிழைக் கணிதம். அதற்கு என்பிடெல்லின் அளவைப் பாடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, அரசு வேலைக்கான தகுதி. விண்ணப்பப் படிவத்தில் 'கண்மாய் வரைந்தேன்' என்று எழுத இடமில்லை.

யாருக்கு எது

பிளஸ் டூ முடித்தவருக்குச் சொன்னேன்: கிண்டி கிடைத்தால் அது, இல்லையென்றால் சிவில் அல்லது கம்ப்யூட்டர். களத்தில் நிற்கப் பிடிக்கும், அரசு வேலை வேண்டும் என்றால் ஐடிஐ சர்வேயர் அல்லது டிப்ளமோ, யோசிக்கவே வேண்டாம். நிரலாளராக இருப்பவர்கள் நேராக போஸ்ட்ஜிஐஎஸ், பைத்தான், வரைபடக் கோப்புகளைக் கையாளும் நிரலகமான ஜிடால் பக்கம் போங்கள். உங்களுக்கு மென்பொருள் ஒரு வாரத்தில் வந்துவிடும், ஆய முறைதான் ஒரு மாதம் படுத்தும். வேளாண்மை, புவியியல், சுற்றுச்சூழல் படித்தவர்களும் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்பவர்களும் சொந்த முயற்சியை முதுகெலும்பாக வைத்து, ஐஐஆர்எஸ் பாடம் ஒன்றையும் என்பிடெல் தேர்வு ஒன்றையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் எம்.டெக். பற்றி யோசிக்கலாம். ட்ரோனும் தனியார் பயிற்சியும் என் பட்டியலில் கடைசி. வேலை தருபவரே பணம் கட்டினால் மட்டும் முன்னால் வரும்.

எந்தப் பாதையில் போனாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் ஊர்ப் பக்கம் டிஜிபிஎஸ் வைத்து அளக்கும் சர்வேயர் ஒருவரைப் பிடித்து, ஒரு நாள் கூட வரட்டுமா அண்ணே என்று கேளுங்கள். குறி கம்பத்தைப் பிடிக்க ஆள் வேண்டியிருக்கும், பெரும்பாலும் மறுக்கமாட்டார். காலையில் அடிநிலையத்தை (அசையாமல் நிற்கும் டிஜிபிஎஸ் கருவியை) எங்கே வைக்கிறார், மரத்தடியில் ஏன் புள்ளி எடுக்க மறுக்கிறார், மாலையில் அந்தக் கோப்பை என்ன பெயரில் எங்கே சேமிக்கிறார் என்று பாருங்கள். வசதிப்பட்டால் அந்தக் கோப்பில் மண்டலத்தின் பெயரை எழுதி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.